பரலோகத்தில் குறைவில்லை, கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லை

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பிள்ளைகள் வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பல வருடங்களாக வேலை செய்யும் அம்மாள் எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான், கணவரை இழந்தவர். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது தனியார் கல்லூரி ஒன்றில் நர்சிங் படிக்க இடம் வாங்கியிருக்கிறாள். கட்டணத்துக்குத்தான் வழியில்லை. என் ஓய்வூதியத்தின் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, இந்த வருடம் அந்தப் பெண்ணின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். என் கணவரோ, "தசமபாகம் ஆலயத்துக்கு உரியது. அதை வேறு பக்கம் திருப்ப நமக்கு அதிகாரமில்லை. தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்கிறார். தொலைக்காட்சியில் பேசும் ஊழியர் ஒருவர், காணிக்கையை விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்வதையும் அவர் தவறாமல் கேட்கிறார்.

போன வாரம், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம், "பணத்துக்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரலோகத்தில் நமக்கு ஒரு குறைவும் இருக்காது அம்மா" என்றார். நானும் "ஆமென்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆமென் சொன்னதில் என்ன தவறு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

தசமபாகக் கேள்விக்குப் பதில் சுலபம், அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஆமென். ஆகவே அதை முதலில் பார்ப்போம்.

அந்த அம்மாள் சொன்னது நூற்றுக்கு நூறு வேதத்தின்படியான நம்பிக்கை. வெளிப்படுத்தின விசேஷம் ஏழாம் அதிகாரத்தில், சிங்காசனத்துக்கு முன்பாக நிற்கிறவர்கள் இனிப் பசியடைவதுமில்லை, தாகமடைவதுமில்லை என்று வாசிக்கிறோம். நாம் அடக்க ஆராதனைகளில் வாசித்து வாசித்து அது ஏதோ மரித்தவர்களுக்கான ஆறுதல் வசனம் என்று நினைத்துவிட்டோம். அதற்கு ஒரு அதிகாரம் முன்னால் பாருங்கள். மூன்றாம் முத்திரை உடைக்கப்படும்போது கறுப்புக் குதிரை புறப்படுகிறது. அதன்மேல் இருக்கிறவன் கையில் தராசு. "ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை" என்று ஒரு சத்தம் விலை கூறுகிறது. ஒரு பணம் என்பது அந்தக் காலத்துக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். திராட்சத்தோட்டத்து உவமையில் பேசப்பட்ட கூலியும் அதுதான். நாளெல்லாம் உழைத்தால் ஓர் ஆள் சாப்பிடும் தானியம் மட்டும் கிடைக்கும், வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இப்படிப்பட்ட விலைவாசியில் அகப்பட்டிருந்தவர்களுக்குத்தான் இனிப் பசியில்லை என்று யோவான் எழுதினார். பசித்தவன் வாயில் அது விசுவாசம். உங்கள் வீட்டு அம்மாள் அதைச் சொல்ல முழு உரிமை உள்ளவர்.

அதே வார்த்தையை வயிறு நிறைந்தவர் பசித்தவரிடம் சொன்னால் அது வேறு. யாக்கோபு இதற்குக் கொஞ்சமும் தயவு காட்டவில்லை. உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரியைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார். நீங்கள் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது கட்டணத்தைப் பற்றி. அவர் பதில் சொன்னது பரலோகத்தைப் பற்றி. நீங்கள் ஆமென் சொன்னதும் கட்டணத்தைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துபோனது. இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். சம்பளம் கொடுக்கிறவர், "பணத்துக்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டால் வேலை செய்கிறவர் வேறு என்னதான் சொல்ல முடியும்? "நீங்கள் கொடுங்கள்" என்று சொல்ல அவருடைய மானம் இடங்கொடுக்காது. ஒருவேளை உங்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றவே அந்த வசனத்தைச் சொன்னாரோ என்னவோ.

லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானையும் லாசருவையும் உங்களுக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். அதில் நாம் சாதாரணமாகத் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. வேதனையில் கிடக்கிற ஐசுவரியவான் ஆபிரகாமை நோக்கி, "லாசருவை அனுப்பும்" என்று கேட்கிறான். பெயர் சொல்லிக் கேட்கிறான்! வாசலில் கிடந்த பிச்சைக்காரனின் பெயர் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தினமும் பார்த்திருக்கிறான், வேலைக்காரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறான். பாதாளத்துக்குப் போன பிறகும் லாசரு அவனுக்கு ஓர் ஏவலாள்தான். தண்ணீர் கொண்டுவரவும், சகோதரர் வீட்டுக்குத் தூது போகவும் அவனைத்தான் அனுப்பச் சொல்கிறான். அந்த லாசருவோ ஆபிரகாமின் மடியில் இருக்கிறான். அக்கால யூதர் விருந்துகளில் சாய்ந்து படுத்தபடி சாப்பிடுவார்கள். ஒருவர் மார்பருகே மற்றவர் தலை இருக்கும். ஆகவே அது பந்தியில் ஆபிரகாமுக்கு அடுத்த இடம், தலைவாழை இலை போட்ட மரியாதை இடம். மேசையிலிருந்து விழும் துணிக்கைக்கு ஏங்கினவனுக்குக் கிடைத்தது அதுதான்.

வேதம் பரலோகத்தின் நிறைவைப் பற்றிப் பேசும்போது அநேகமாக விருந்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஏசாயா 25-இல் சேனைகளின் கர்த்தர் சீயோன் மலையிலே சகல ஜனங்களுக்கும் கொழுமையான விருந்து ஆயத்தப்படுத்துகிறார். விருந்து என்றால் பக்கத்தில் ஆள் உண்டு. தனியறையில் தட்டை வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் வயிறு நிறையச் சாப்பிடுவதை யாரும் விருந்து என்று சொல்வதில்லை. ஆண்டவரும் லூக்கா 14-இல், விருந்து பண்ணும்போது ஐசுவரியமுள்ள அயலாரை விட்டுவிட்டு, உனக்குப் பதில் செய்ய முடியாத ஏழைகளைக் கூப்பிடு என்கிறார். அதற்கான பதில் நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் கிடைக்கும் என்கிறார். பரலோக நம்பிக்கையையும் இங்கே சோறு போடுவதையும் அவர் ஒரே மூச்சில் பேசிவிடுகிறார். நாம்தான் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்றொன்றைத் தர்ம நிதிக்கும் என்று பிரித்துவைத்திருக்கிறோம்.

உங்கள் பக்கத்து ஊர்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அசனம். பண்டிகை நாளில் ஆலய வளாகத்தில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, பாயில் வெள்ளைத் துணி விரித்து மலைபோலக் குவிப்பார்கள். ஒருவர் அரிசி மூட்டை கொடுத்திருப்பார், ஒருவர் ஆடு கொடுத்திருப்பார், இன்னொருவர் விறகு பிளந்திருப்பார், ஒன்றும் கொடுக்க முடியாதவரும் வந்திருப்பார். ஐயர் (சபைப் போதகர்) ஜெபம் செய்த பிறகு ஊரே வரிசையாக உட்காரும். வேறு மதத்து அயலாரும் உட்காருவார்கள். எல்லோர் இலையிலும் விழுவது ஒரே சோறு, ஒரே குழம்பு. ஏசாயாவின் மலைக்கு நம் தேரிக்காட்டுப் பக்கத்தில் இதைவிட நெருக்கமான விளக்கவுரை எனக்குத் தெரிந்து இல்லை. சில சேகரங்களில் (சபை வட்டங்களில்) இப்போது கமிட்டியாருக்கும் பெரிய மனிதர்களுக்கும் பின்பக்க அறையில் மேசை நாற்காலி போட்டுத் தனியாகப் பரிமாறுகிறார்களாம். அதற்கு அசனம் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இந்த நோய் புதிதல்ல. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்கே ஒருவன் பசியோடு வந்தான், மற்றொருவன் குடித்து வெறிகொண்டிருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கடிந்துகொண்டார். நம் நாட்டில் 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை ஏற்க மறுத்துப் பலர் சபையைவிட்டே விலகினார்கள். தாழ்ந்த சாதி என்று தாங்கள் நினைத்தவர்களோடு கலந்து உட்காரவும், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்கவும் அவர்களுக்கு மனமில்லை. பரலோகத்தில் ஒரே பந்தி என்று அவர்களும் பாடியிருப்பார்கள்.

இப்போது உங்கள் கணவரின் வசனங்களுக்கு வருகிறேன். வசனத்தைக் காட்டிப் பேசுகிறவர் என்பதால் அவரோடு பேச வழி இருக்கிறது.

தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள் என்பது பாதி வாக்கியம். மாற்கு 14-இல் மீதியும் இருக்கிறது: "உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம் நீங்கள் அவர்களுக்கு நன்மைசெய்யலாம்." ஆண்டவர் இதைத் தம் அடக்கத்துக்காகத் தைலம் பூசிய பெண்ணுக்குப் பரிந்து சொன்னார். அதற்கும் மூலம் உபாகமம் 15. தேசத்திலே எளியவர்கள் இல்லாதிருப்பதில்லை, "ஆகையால்" உன் கையைத் தாராளமாய்த் திறக்கவேண்டும் என்று மோசே கட்டளையிடுகிறார். எப்போதும் இருக்கிறார்கள், ஆகையால் கொடு. உங்கள் கணவர் அதை, எப்போதும் இருக்கிறார்கள், ஆகையால் இப்போது வேண்டாம் என்று வாசிக்கிறார். ஆசிரியராக இருந்தவர், காரண காரிய வாக்கியத்தைத் திருத்திக்கொள்வார் என்று நம்புகிறேன்.

தசமபாகத்தைப் பற்றி உபாகமம் 14-ஐ இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். நம் பிரசங்கங்களில் அது அதிகம் வருவதில்லை, காரணம் புரியும். அங்கே தசமபாகத்தைக் கொண்டுபோகிறவனும் அவன் வீட்டாருமே கர்த்தருடைய சந்நிதியில் அதைப் புசித்துச் சந்தோஷப்படவேண்டும் என்று எழுதியிருக்கிறது. தூரம் அதிகமானால் விற்றுப் பணமாக்கிக்கொண்டுபோய் அங்கே விருப்பமானதை வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தையோ எருசலேமுக்கே கொண்டுபோக வேண்டாம். அதைச் சொந்த ஊர் வாசலில் வைக்கவேண்டும். ஆலய ஊழியம் செய்யும் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவார்கள். லேவியன் இருக்கிறான், அவனோடு விதவையும் அவள் பிள்ளையும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்பவர்களை மோசே பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்டியது போல இல்லையா?

ஆகவே என் தீர்ப்பு இது. இந்த வருடத் தசமபாகத்தை அந்தப் பெண்ணின் படிப்புக்குத் தாராளமாகக் கொடுங்கள். அது கடவுளிடமிருந்து எதையும் திருடுவதாகாது. ஆனால் சங்கக் காணிக்கையை நிறுத்திவிடாதீர்கள். போதகருக்குத் துணையாக நிற்கும் உபதேசியாரும் ஆலயப் பணியாளும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள் இல்லை. என் சம்பளமும் ஒரு காலத்தில் அந்தப் பையிலிருந்து வந்ததுதான். நான் இப்படி எழுதுவதைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மல்கியா 3-இல் பத்தாம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் (ஜன்னல்கள்) திறக்கும் என்ற வசனம். காணிக்கை உறைகளில்கூட அச்சடித்திருக்கிறார்கள். அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை நான் எந்த உறையிலும் பார்த்ததில்லை. கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாய்த் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்கிறது அது. இதை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஓய்வூதியம் இருக்கிறது, தசமபாகம் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது. அந்த அம்மாளின் சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் இல்லை. கடைசியாக எப்போது உயர்த்தினீர்கள்? உங்கள் அகவிலைப்படி உயரும்போது அவருக்கும் ஏதாவது உயர்கிறதா? உடம்புக்கு முடியாமல் வராத நாளுக்குப் பிடித்தம் உண்டா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது அவர் உங்கள் வீட்டுப் பாத்திரத்தோடு இருக்கிறாரா, ஆலயத்தில் இருக்கிறாரா? சம்பளத்தில் குறைத்ததைத் தர்மமாகத் திருப்பிக் கொடுத்தால் கொடுக்கிறவருக்குப் புகழ், வாங்கிக்கொள்கிறவருக்குக் கடன். முதலில் கூலியைச் சரிசெய்யுங்கள். அது தசமபாகக் கணக்கில் வராது.

நூறு மடங்கு என்கிற தொலைக்காட்சி ஊழியரைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. மாற்கு 10-இல் அந்த வாக்குத்தத்தம் வீட்டையும் நிலத்தையும் தாய் தகப்பனையும் விட்டுவந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. "துன்பங்களோடேகூட" என்ற வார்த்தையும் அங்கேயே இருக்கிறது. நூறு வீடு, நூறு தாய் ஒருவருக்கு எப்படிக் கிடைக்கும்? சகோதரர்களின் வீடுகள் திறந்திருந்தால் கிடைக்கும். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஒவ்வொரு சபையிலும் ஒரு தாய் சோறு போட்டால், நூறு தாய் கிடைத்தாயிற்று. அதாவது அந்த நூறத்தனை வானத்திலிருந்து ரொக்கமாக விழுவதில்லை. விசுவாசிகளின் கதவு வழியாகத்தான் வரவேண்டும். உங்கள் வீட்டு அம்மாளுக்கு வரவேண்டிய நூறில் ஒன்று உங்கள் வீட்டில் நிற்கிறது.

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு இது புதுப் பாடம் ஆகாது. கிறிஸ்தவர்களானதால் ஊரில் இருக்கமுடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்காக, ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-இல் தரும சங்கம் தொடங்கப்பட்டது. உங்கள் மாவட்டத்து டோனாவூரின் பெயரில் இருக்கிற டோனா, பிரஷ்யா நாட்டுப் பிரபு. அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம் அது. தன் கண்ணால் காணப்போகாத தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு ஜெர்மானியர் வீட்டுமனை வாங்கிக் கொடுத்தார். அப்படிக் குடியேறிய வீடுகளிலிருந்து பள்ளிக்கூடம் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் ஆசிரியர்களும் ஐயர்மாரும் ஆனார்கள். உங்கள் ஓய்வூதியத்தின் வேர் எங்கே போகிறது என்று கணவரோடு ஒருநாள் மாலை பேசிப் பாருங்கள்.

இனிக் காரியம். உங்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு உரிமையாக வரவேண்டியதை வாங்கிக் கொடுங்கள். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். அவள் வீட்டில் முதல் பட்டதாரி என்றால், அரசுக் கலந்தாய்வில் இடம் கிடைத்திருக்கும் பட்சத்தில், கட்டணச் சலுகைக்கு வழி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை. படித்தவர்களுக்கே அலைச்சல் தரும் வேலை. நீங்கள் ஆசிரியர், படிவம் நிரப்புவதில் உங்களைவிடத் தேர்ந்தவர் யார்? பணத்தோடு உங்கள் ஒரு காலைப் பொழுதையும் சேர்த்துக் கொடுங்கள். கணவரை உடன் அழைத்துப் போங்கள். வரிசையில் நின்று மூன்று கையெழுத்து வாங்கியவர் அப்புறம் தரித்திரர் எப்போதும் இருக்கிறார்கள் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்.

அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். ஓய்வூதியம் உங்களுடையது, கொடுக்கும் அதிகாரமும் உங்களுடையது. ஆனாலும் மறைத்துச் செய்தால் நாளை அந்த அம்மாள்தான் இடையில் மாட்டிக்கொள்வார். சபையில் இதை அறிவிக்கவும் வேண்டாம். நன்றி சாட்சி சொல்லும்படி அந்தப் பெண்ணை மேடையில் நிறுத்தவும் வேண்டாம். படித்து முடித்துவிட்டு நம் சபை மருத்துவமனையில்தான் வேலை செய்யவேண்டும், பேச்சுப் போட்டியில் சேரவேண்டும், வாலிபர் கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும் என்று நிபந்தனைகளைக் கோத்துவிடாதீர்கள். அவள் முதல் வருடத்தில் ஒரு பாடத்தில் தவறினாலும் உங்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை.

நர்சிங் படிப்பு ஒரு வருடத்தில் முடிகிறதில்லை. உங்கள் தசமபாகம் முதல் வருடத்துக்குத்தான் போதும் என்று நினைக்கிறேன். அடுத்த வருடங்களுக்கு உங்கள் சேகரத்தில் ஏழை மாணவர் நிதி இருக்கிறதா என்று ஐயரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பெண்கள் ஐக்கியத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயரைச் சொல்லாமலே சேர்க்கலாம். வெளியூரில் நல்ல நிலையில் இருப்பதாக எழுதியிருக்கிற உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்; அந்த அம்மாள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே.

கடைசித் தேதி எது என்று நீங்கள் எழுதவில்லை. அதை இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். ஆனால் இந்த முறை பாத்திரம் துலக்கும் இடத்தில் நின்றுகொண்டு கேட்காமல், ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்களும் எதிரில் உட்கார்ந்து, "நான் கட்டுகிறேன், எவ்வளவு, எந்தத் தேதிக்குள்?" என்று கேளுங்கள். கல்லூரி ரசீது மகள் பெயரில் இருக்கட்டும்.